சிங்கில் ஊற்றிய முள்ளுவேர்த் தண்ணீர்

மனோர் பார்க்
04.05.2025

அன்புள்ள மகன் லக்‌ஷனுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. வாட்ஸ்அப்பில் என்னை புளொக் பண்ணிவிட்டாய். தபாற்காரனை என்ன செய்வாய், பார்ப்போம்.

பிள்ளை பெற்ற மருமகளுக்கென்று என் மனுசி மணிவான் ஒரு வேரை அவித்துக்கொண்டு வந்தாள். அவளுடைய லாவோஸில் காடெல்லாம் படரும் முள்ளுச்செடி அது. நாங்கள் சரக்குக்கறி கொடுக்கிற மாதிரி, பிள்ளை பெற்றவளுக்கு அந்த வேரை அவித்துக் கொடுப்பது அவளுடைய சனத்தின் வழக்கம். பாரிஸிலிருந்து வந்தபோது சட்டியோடு மடியில் வைத்துக் கொண்டுவந்த செடியடா! அதைத் தோண்டி, கையெல்லாம் கீறுப்பட்டு, ஃபிளாஸ்கில் கொண்டுவந்தால் அவள் கண்முன்னாலேயே சிங்கில் ஊற்றுகிறாய். "உங்கட முள்ளுப்பத்தைத் தண்ணி எங்களுக்கு வேண்டாம்" என்கிறாய். எட்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்கிறவளுக்குத் தமிழ் விளங்காது என்று நினைத்தாயோ? திரும்பி வரும்போது பஸ்ஸில் வெறும் ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அவளிடம் மன்னிப்புக் கேள்.

அப்பா,
ஜீவரத்தினம்

குட்மேய்ஸ்
10.05.2025

அப்பா,

மன்னிப்போ? நல்ல கதை! பால் கொடுக்கிறவளுக்குப் பெயர் தெரியாத வேரைக் கொடுக்க எனக்கென்ன விசரோ? நேர்ஸும் வேண்டாம் என்றுதான் சொன்னா. இந்த ஊரில் சனம் வேலிக்கரையில் வெட்டி எறிகிற முள்ளு மாதிரித்தான் அதுவும்.

அதைவிடப் பெரிய அநியாயம் நேற்று நடந்திருக்கிறது. உங்கள் மனுசி முருகன் கோயிலுக்குப் போய் பிள்ளைக்காக அர்ச்சனை செய்தாவாம். தில்லையம்பலம் மாமா என்னைப் பிடித்துக் கேட்கிறார், "என்ன தம்பி, துடக்குக் கழிய முந்தி கோயிலுக்கு வாறா?" எனக்கு முகம் கொடுக்க ஏலாமல் போய்விட்டது. பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கோயில்படி மிதிக்கக்கூடாது என்று நீங்களாவது சொல்லியிருக்கக்கூடாதா? அம்மா இருந்திருந்தால் இப்படி நடக்குமா?

அம்மாவின் இடத்துக்கு ஒருவரும் வரவேண்டாம். அவ எங்களுக்கு ஒருத்தியும் இல்லை. துடக்குக் கழிவுக்கு நீங்கள் மட்டும் வாருங்கள்.

லக்‌ஷன்

மனோர் பார்க்
13.05.2025

மகன்,

துடக்கு ஆருக்கடா? உரித்துள்ள சொந்தக்காரருக்கு. உன் பக்கத்து வீட்டுத் தவமலரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, முழுகி, அதே கோயிலுக்குத்தான் போனவ. அவவை ஏன் ஒருவரும் கேட்கவில்லை? அவ பிறத்தி. மணிவான் உனக்கு ஒருத்தியும் இல்லையென்றால் அவளுக்கு ஏது துடக்கு? துடக்கு உண்டென்றால் அவள் உனக்கு யார்? இரண்டில் ஒன்றைச் சொல்.

வேர்த்தண்ணீர் வேண்டாமென்றது உங்கள் விருப்பம். அதை ஒரு மனுசிக்கு மனுசியாக மதித்துச் சொல்லியிருக்கலாம். அவள் வராத சடங்குக்கு நானும் வரமாட்டேன். பேரன் முகத்தைப் படத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா

குட்மேய்ஸ்
19.05.2025

அப்பா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உங்கள் மருமகள் சிவரூபினி சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது. அந்தத் தண்ணீரை இந்த வீட்டில் ஒருவரும் குடிக்கப்போவதுமில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஐயர் வருவார். பிந்தாமல் இரண்டு பேரும் வாருங்கள். அதுவரைக்கும் கோயில் பக்கம் போகவேண்டாம் என்று சின்னம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

லக்‌ஷன்