பிரிவுக்கு நீ எழுதிய வாழ்த்துப்பா

போன ஞாயிறு தி.நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் யாரோ வாழ்த்துப்பா வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மணமக்கள் கையில் கொடுத்தார்கள். கூட்டம் பந்திக்கு நகர்ந்துவிட்டது. நான் மட்டும் உன் நினைப்பில் உட்கார்ந்திருந்தேன்.

நாம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சர் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வாழ்த்துப்பா உன்னுடையதுதான். மந்தைவெளிக் கடையில் அச்சடித்து, சட்டம் போட்டு, நீயே மேடையேறி வாசிப்பாய். அப்படிப்பட்டவளின் கல்யாணம்தான் கோர்ட்டில் முடிந்தது. தீர்ப்பான வாரமே, "அவருக்கும் ஒண்ணு எழுதிட்டேன்டி. சேரும்போது வாழ்த்துறோம், பிரியும்போதும் வாழ்த்தினா என்ன?" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்காமல் கவிதையாம், கவிதை!

அடையாறு டிப்போ பக்கத்து ஜூஸ் கடைக்கு அவரை வரச் சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிப்போனாய். சட்டத்தைச் சுற்றியிருந்த காகிதத்தை நீ பிரித்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. மந்தைவெளி அச்சுக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் மேலே பிள்ளையார் படமும் 'மணமக்கள் வாழ்க'வும் சேர்த்து அச்சடித்திருந்தார். சுற்றிலும் மாவிலைத் தோரணம் வேறு. அவர் முகம் சுண்டிவிட்டது.

"கேலி பண்றேன்னு நினைப்பாருடி, குடுக்காத" என்று உன் கையைப் பிடித்தேன். நீ சிரித்துவிட்டாய். "கடைக்காரர் தப்புங்க. ஆனா இருக்கட்டும். நீங்க இன்னொரு தடவை மாப்பிள்ளை ஆவீங்க இல்ல?" என்று அவரிடம் சொல்லிவிட்டு, எழுந்து நின்று, மேடையில் வாசிக்கிற அதே குரலில் வாசித்தாய்.

காய்ச்சலில் நீ என் கால் பிடித்துவிட்டதும் பொய்யில்லை;
கடைசியில் நாம் கத்திக்கொண்டதும் பொய்யில்லை.
இரண்டையும் எடுத்துக்கொண்டு போ.
நான் நன்றாக இருப்பேன், நீயும் இரு.

பக்கத்து மேஜைக்காரர்கள்கூட உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் சட்டத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு, "வீட்ல மாட்டிக்கலாமா?" என்று கேட்டார். "நம்ம கல்யாண போட்டோ கழட்டின ஆணி சும்மாதானே இருக்கு" என்றாய். கிண்டலே இல்லை. நிஜமாகவே இடம் சொன்னாய்.

நோயில் படுத்து நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. உன் மனசு எனக்கு வராது. கோபம் வந்தால் இன்றைக்கும் பாத்திரத்தை நங்கென்று வைக்கிற ஆள்தான் நான். ஆனால் தன்னை அழவைத்த மனிதரை ஒருத்தி நடுக்கடையில் நின்று வாழ்த்தியதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த கண்ணோடுதான் இனி எந்தச் சண்டைக்கும் நான் போக வேண்டியிருக்கிறது.