ரேணிகுண்டாவில் பார்த்த ஜவான்

மாமா,

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். போரிலிருந்து உயிரோடு திரும்புவீர்கள் என்றேன், திரும்பினீர்கள். இன்ஜினியர் ஆவீர்கள் என்றேன், ஆனீர்கள். பங்காருபாளையம் பாலம் எந்த வெள்ளத்துக்கும் அசையாது என்றேன். மாங்காய் லாரிகள் இன்றும் அதன்மேல்தான் போகின்றன. எண்பதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவீர்கள் என்றும் சொல்லியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவன் வாயில் இப்படி ஒரு வாக்கா என்று வியக்காதவர் சித்தூரில் யாருமில்லை.

இன்று காலை நடந்ததைத்தான் நான் சொல்லி வைக்கவில்லை. அக்கா உங்கள் பையைப் பிரித்து, அந்தச் சின்னச் சுத்தியலை என் கையில் கொடுத்தாள். கைப்பிடியில் இன்னும் சிமென்ட் வாசனை. கூடவே ஒரு வேலையும் கொடுத்தாள். அப்போதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன், நிற்கிற இடத்தில் இரண்டு வரி எழுதுகிறேன்.

பட்டாளத்தில் ஆற்றுக்கு ஆறு பாலம் போடும் கூட்டத்தில் இருந்தீர்கள். நான் ஊரில் சொல்லும்போது, குண்டுமழையில், கழுத்தளவு தண்ணீரில், தனியாளாகப் போட்டீர்கள். “நூறு பேரு சேர்ந்து போட்டோம் மச்சான்” என்று திருத்துவீர்கள். நூறு பேரை வைத்துக்கொண்டு எப்படிக் கதை சொல்வது? ஒரு குண்டு உங்கள் இடது காதை வாங்கிக்கொண்டது. திரும்பி வந்து, மீசை முளைக்காதவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து டிப்ளமா படித்தீர்கள். அதன்பின் சுத்தியலும் வலது காதும்தான் உங்கள் உத்தியோகம். காய்ந்த கான்கிரீட்டை ஒவ்வோர் அடியாகத் தட்டி, காதை வைத்துக் கேட்பீர்கள். எங்காவது உள்ளே பொள்ளலாக, டொம்மென்று சத்தம் வந்தால் உடைத்துத் திரும்பப் போட வேண்டும். “சாலு சார், சாலு!” என்று கான்ட்ராக்டர் தெலுங்கில் கும்பிடுவார். உங்களுக்கு எதுவும் போதாது. என் வீட்டுத் தளத்தைத் தட்டினீர்கள், கல்யாண மண்டபத்துத் தூணைத் தட்டினீர்கள். “உன் பேச்சைத் தட்டினா டொம்முன்னு கேக்குது மச்சான்” என்று என்னையும் விடவில்லை.

அக்காவுக்கும் உங்களுக்கும் நிச்சயம் ஆன பிறகுதான் உங்களைப் போரில் காணவில்லை என்று தந்தி வந்தது. சில மாதம் பொறுத்த நைனா, மகளுக்குச் சூளூர்பேட்டையில் அரிசிக்கடைக்காரர் மகனைப் பேசி முடித்தார். அக்கா அழவில்லை, சோற்றைத் தொடுவதை மட்டும் நிறுத்தினாள். பத்திரிகை அடிக்கக் கொடுக்கிற அன்று நான் வீட்டுக்குள் ஓடிவந்தேன். ரேணிகுண்டா ஸ்டேஷனில் ஒரு ஜவானைப் பார்த்தேன், கடப்பாக்காரர், கையில் கட்டு, மாமாவை ஆஸ்பத்திரியில் பார்த்தாராம், உயிரோடுதான் இருக்காராம் என்றேன்.

“சாமி மேல சத்தியமாடா?” என்றார் நைனா.

“ஏழுமலையான் மேல.”

“நெஜமா பார்த்தியாடா?” என்றாள் அக்கா.

“பார்த்தேன்க்கா. டீ வாங்கிக் குடுத்தாரு. நம்ம மாமா பேரைச் சொன்னதும் எழுந்து நின்னு சல்யூட் வச்சாரு.”

நைனா பத்திரிகைத் தாளை மடித்து வைத்தார். மழைக்காலம் வருவதற்குள் நீங்கள் வந்து நின்றீர்கள்.

அதன்பின் எந்த விசேஷத்திலும் அந்த ஜவான் கதையை நான் விட்டதில்லை. “உன் ஜவான் வருசத்துக்கு ஒரு இஞ்ச் வளர்றான்” என்று சிரிப்பீர்கள். ஒருமுறை மட்டும், “ஆமா, அவரு பேரு இன்னா?” என்று கேட்டீர்கள். அவசரத்தில் கேட்க மறந்தேன் என்றேன். காபி டம்ளரோடு வந்துகொண்டிருந்த அக்காவைப் பார்த்தீர்கள். பிறகு மெல்லத் திரும்பி, கேளாத காதை என் பக்கம் வைத்துக்கொண்டீர்கள். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தவர் அதை மட்டும் தட்டவில்லை.

காலையில் அக்கா சொன்னது இதுதான்: “டேய், நாளன்னிக்கி காரியம். அந்த ஜவான் எங்க இருந்தாலும் தேடி இட்டாந்துடு. அவரு சொன்ன ஒரு வார்த்தையிலதான் நான் இந்த மனுசனோட இத்தினி வருசம் வாழ்ந்தேன். வேட்டி துண்டுகூட எடுத்து வச்சிக்கினு இருக்கேன்.”

“அவருக்கும் வயசாயிருக்கும்க்கா. இருக்காரோ, இல்லியோ.”

“இல்லன்னா அவரு ஊட்டுக்கு நானே போறேன். கடப்பா இன்னா கண்காணாத தேசமா?”

நடக்க முடியாத முழங்காலோடு பஸ் ஏறிவிடுவாள், மாமா. ஊர் ஊராகக் கேட்பாள். இதோ உள்ளிருந்து குரல் வருகிறது: “இன்னாடா, யாருக்காவது போன் பண்ணியா இல்லியா?”

எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன், எதுவும் மிச்சமில்லை. நைனா பத்திரிகைத் தாளை மடித்து வைத்த அன்று மாலை அக்கா தட்டை இழுத்துப் போட்டு, யாரையும் பார்க்காமல், சோற்றைப் பிசைந்து சாப்பிட்டது மட்டும் என்னோடு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன். அவளிடம் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

ஜவான் யாரும் இல்லை, மாமா. அன்று நான் ரேணிகுண்டாவுக்கே போகவில்லை.