குருமாவில் தேங்காய்ப்பால்தான் இருந்தது

இன்று மதியம் பாப்பா ஒரு கிண்ணம் தயிர்சாதத்தை முழுதாகச் சாப்பிட்டாள். அவளுக்கு ஒன்றேகால் வயதாகிறது. டாக்டர் சொன்னபடி பல வாரங்களாகத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்த்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். கன்னத்தில் தடிப்பு இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை. கை கழுவிய பிறகும் விரலில் புளித்த தயிரின் வாசனை நின்றது. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவளுக்கு மூன்று மாதமாக இருந்தபோது துணியில் ரத்தக்கோடு பார்த்து உனக்குப் போன் செய்தேன். வேலையை அப்படியே விட்டுவிட்டு செங்கம் ரோட்டிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாய். ஆஸ்பத்திரி வரிசையில் பாப்பாவை நீதான் தோளில் போட்டிருந்தாய். "பசும்பால் ஒத்துக்கலையோன்னு சந்தேகமா இருக்கும்மா. தாய்ப்பால நிறுத்தாதீங்க. நீங்க பால், தயிர், நெய் எல்லாத்தையும் கொஞ்ச வாரம் விட்டுப் பாருங்க" என்றார் டாக்டர். வீட்டில் யாரும் நம்பவில்லை. பால் குடிக்காமல் பால் எப்படி ஊறும் என்று என் மாமியார் கேட்டார். நம்பியவள் என் தோழி நீ ஒருத்திதான். ஆசிரமத்துப் பக்கம் நீ சமைத்த கஃபேயில் பாலே தொடாத வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். எந்த பிஸ்கட்டில், எந்த ரொட்டியில் பால் ஒளிந்திருக்கும் என்பது உனக்கு அத்துப்படி. பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

பயத்தில் நான் வேர்க்கடலையை விட்டேன், முட்டையை விட்டேன், கோதுமையையும் விட்டேன். ரசமும் சோறும் மட்டும் தின்று, எழுந்தால் தலை சுற்றியது. நீ கத்தினாய். "இன்னாடி இது? டாக்டர் பாலைத்தான நிறுத்தச் சொன்னாரு? நீயா எதுக்கு எல்லாத்தையும் நிறுத்தற? நீ படுத்துட்டா அத யாரு பாக்கறது?" அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் தவறாமல் ஒரு தூக்கு வந்தது. கேழ்வரகு அடை, கடலைச் சட்னி, கீரை. மூன்றாவது வாரம் ரத்தம் நின்றது. பாப்பா முகம் தெளிந்து சிரித்ததைப் பார்த்து நீ சமையலறைக்குள் போய் அழுதாய். உனக்கு இரண்டு கர்ப்பம் கலைந்த பிறகு நீ என் முன்னால் அழுதது அன்றுதான்.

பத்து நாள் கழித்து மறுபடியும் ரத்தம் வந்தது. அன்று நீ குருமா கொண்டு வந்திருந்தாய். பாதி சாப்பிட்டு முடித்திருந்தேன். துணியைப் பார்த்ததும் எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"இதுல பால் ஊத்தினியா?"

"தேங்காப்பால்தான்டி ஊத்தினேன். உம்மேல சத்தியமா."

"கஃபேல மீந்தத எடுத்துட்டு வந்திருப்ப. உனக்குன்னு ஒரு குழந்த இருந்தாதான அந்த பயம் தெரியும்."

என் கணவர் அங்கேயே நின்றிருந்தார். நீ தூக்கை எடுத்துப் போய்க் குழாயடியில் கழுவினாய். நன்றாகத் தேய்த்துக் கழுவினாய். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

அடுத்த வாரம் டாக்டரிடம் நான் சாப்பிட்ட எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "வேற ஏதாவது டானிக், பவுடர்?" என்றார். நாத்தனார் அனுப்பிய சத்துமாவு டப்பா ஒன்று இருந்தது. குருமாவுக்கு நான்கு நாள் முன்புதான் அதைக் கரைத்துக் குடிக்க ஆரம்பித்திருந்தேன். மருந்துக்கடையில் வாங்கியது என்பதால் அதை மட்டும் நான் திருப்பிப் பார்க்கவில்லை. டாக்டர் திருப்பிப் பார்த்தார். "முதல்லயே பால் பவுடர்னுதானம்மா போட்டிருக்கு."

அன்றே உன்னிடம் வந்திருக்க வேண்டும். கார்த்திகை தீபக் கூட்டம், கஃபேயில் உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, கூட்டம் வடியட்டும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. கூட்டம் வடிந்தபோது உனக்குக் காய்ச்சல் என்றார்கள். சாதாரணக் காய்ச்சல்தானே, சரியாகட்டும், நிதானமாகப் பேசலாம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் உன்னை வேலூருக்குக் கொண்டு போனார்கள். ஆறாம் நாள் நீ இல்லை.

சாவுக்கு வந்து கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன். போன மாதம்தான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் தலையைக் கோதினார். பிறகு கேட்டார்.

"கடைசியில ஒரு மாசம் உங்க வூட்டுக்கே போகலியாமே? ஏன்டின்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லல. ஏதாவது சண்டையா கண்ணு? அப்புறம் பேசிக்கினீங்களா?"

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போயிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. நான் சொன்ன அந்த வார்த்தையை உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

"பேசிட்டோம்மா" என்றேன்.

"அப்ப சரி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது ஒண்ணுதான் எனக்கு மனசுல உறுத்திக்கினே இருந்துச்சு."

அவர் மனதிலிருந்து இறங்கியது இப்போது என்னிடம் இருக்கிறது. யாரிடமும் இறக்கி வைக்க முடியவில்லை.