தெரு வாயை மூடிக்கொண்ட பகல்

மே 18, காலை
விமான நிலையம், பணியாளர் அறை

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. போன் செய்தால் என் குரல் கேட்டதும் கட் பண்ணிவிடுவாய். கடிதம் என்றால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். அந்த நம்பிக்கையில் எங்கள் வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளி விடுமுறைக் கூட்டம் ஒரு பக்கம், புயலுக்குப் பயந்து அக்கம்பக்கத்து ஊர் விமானங்கள் எல்லாம் இங்கே வந்து இறங்கியது ஒரு பக்கம். ஊரில் ஒரு ஓட்டலிலும் அறை இல்லை. எங்களுக்கென்று வருஷம் முழுக்கப் பிடித்து வைத்திருக்கும் அறைகளைக்கூட ஓட்டல்காரர் பயணிகளுக்குக் கொடுத்துவிட்டார். இரவெல்லாம் பறந்துவிட்டு ஆறு பேர் நிற்கிறோம். கேப்டன், துணை பைலட், நான், என் கீழ் வேலை செய்யும் மூன்று பெண்கள்.

சட்டப்படி எங்களுக்குப் பத்து மணி நேர ஓய்வு வேண்டும். அமைதியான அறையில், கட்டிலில். நாற்காலியில் சாய்ந்து தூங்கினால் கணக்கில் வராது. நடுவில் எழுப்பிவிட்டாலும் போச்சு. நாங்கள் தூங்காவிட்டால் சாயங்கால விமானம் கிடையாது. அதில் போக வேண்டிய நூற்றெண்பது பேர் கூடத்தில் பெட்டி மேலேயே படுத்துக் கிடக்கிறார்கள். இறந்துபோன தன் அப்பாவைக் கடைசியாகப் பார்க்கப் போகிறவர் ஒருவர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறார்.

நம் வீட்டு மாடி காலியாக இருப்பதாக அண்ணி சொல்லியிருந்தார். கம்பெனியில் கேட்டேன். வேறு வழியில்லாமல் சரி என்றுவிட்டார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருக்கும்போது, "டிரே தூக்கற வேலைக்கா போறே?" என்று நீ சிரித்தாய். இனிமேல் இந்தப் படி ஏற மாட்டேன் என்று நான் சொன்னேன். அந்த வார்த்தை அப்படியே இருக்கட்டும். இன்று நான் உன் தங்கையாக வரவில்லை, டியூட்டியில் வருகிறேன். உன் பட்டறையில் இரும்பு அறுக்கிற மெஷினை இன்று ஒரு நாள் நிறுத்தி வைப்பாயா? கேட்கக் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தலைமை விமானப் பணிப்பெண்


மே 19, காலை
வீடு

தலைமை விமானப் பணிப்பெண் அவர்களுக்கு,

உன் கடிதத்தை எனக்கு முன்னால் அண்ணி படித்துவிட்டாள். படித்த கையோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அதற்குமேல் நான் என்ன சொல்ல? பட்டறையை இழுத்து மூடினேன்.

கட்டிலுக்கு எங்கே போவது? எதிர்வீட்டுத் தச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். யாருக்கோ செய்து, இன்னும் பாலிஷ்கூடப் போடாத புதுக் கட்டில்களை அவரும் நானுமாக மாடியேற்றினோம். மெத்தை ஒரு வீட்டில், தலையணை ஒரு வீட்டில், ஜன்னலை மறைக்க டைலரம்மா கொடுத்த கறுப்புத் துணி. நீங்கள் வேனை விட்டு இறங்குவதற்குள் எல்லாம் தயார். நீ என்னைப் பார்த்து "வணக்கம் சார்" என்றாய். கொழுப்புதான் உனக்கு.

நீங்கள் படுத்த பிறகுதான் எனக்குத் தெருவின் சத்தம் ஞாபகம் வந்தது. நம் தெரு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? தெருமுனையில் போய் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், மாடியில் பிளேன் ஓட்டுகிறவர்கள் தூங்குகிறார்கள் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். காய்கறி வண்டிக்காரர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டி விற்றார். பைக்கில் வந்தவர்கள் அணைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். டியூஷன் டீச்சர் பிள்ளைகளை ஒப்பிக்க விடாமல் எழுதவே வைத்தார். அண்ணி குக்கர் பக்கமே போகவில்லை. மூன்றாம் வீட்டுப் புருஷன் பெண்டாட்டி இருக்கிறார்களே, அவர்கள் சண்டையை மட்டும் விடவில்லை. ஆனால் வாயை மட்டும் அசைத்துப் போட்டுக்கொண்டார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டேன்.

நடுப்பகலில் தெருவே அப்படியே நின்றுவிட்டது. நான் பிறந்து வளர்ந்த தெரு. கொடியில் காய்கிற துணி படபடப்பது கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடிப்பதுகூடக் கேட்டது. இத்தனை பேரும், முன்பின் பார்த்திராத ஐந்து பேருடைய தூக்கத்துக்கும் உன் தூக்கத்துக்கும் காவல் இருக்கிறார்களே என்று நினைத்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

தண்ணீர் வைக்க மாடிக்குப் போனேன். கேப்டனின் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு தூங்குகிறார். நூற்றெண்பது உயிரைத் தூக்கிக்கொண்டு மேகத்துக்கு மேலே போகிற ஆள், நம் வீட்டுக் கட்டிலில். சாதாரண மனுஷன், குறட்டை வேறு. என் கை தானாகக் கட்டிக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படுப்பதற்கு முன்னால் நீ ஒவ்வொரு அறையாகப் போய் ஜன்னல், தாழ்ப்பாள், வெளியே போகிற வழி எல்லாம் பார்த்ததை நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய மனுஷர் உன்னிடம், "நான் எங்க படுக்கட்டும்?" என்று கேட்கிறார். நீ கை காட்டுகிறாய். அவர் போய்ப் படுக்கிறார். டிரே என்று சொன்ன வாயை நானே பொத்திக்கொண்டேன். பொய் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாய். இந்தப் பக்கம் ஒருத்தன் நின்றேனே, கண்ணுக்குத் தெரியவில்லையா? சரி, போகட்டும். மொட்டை மாடிக்குப் போனால் தெருவே அவரவர் மொட்டை மாடியில் நிற்கிறது. விமானம் மேலே ஏறியதும், பகலெல்லாம் அடக்கி வைத்திருந்த சத்தம் மொத்தமும் கிளம்பியது பார், காது கிழிந்தது. தச்சர் விசிலடித்தார். நான் துண்டை வீசி வீசிக் காட்டினேன். உனக்குத் தெரிந்திருக்காது.

நேற்றே எழுதி வைத்ததுதான் இவ்வளவும். இப்போது உங்கள் டிரைவர், துணை பைலட் மறந்துவிட்டுப் போன சார்ஜரை வாங்க வந்திருக்கிறார். இதைக் கொடுத்தால் உன்னிடம் சேருமா என்று கேட்டேன். ஏதோ சொல்ல வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, சேரும் என்று மட்டும் சொன்னார்.

டியூட்டி இல்லாத நாளில் எப்போது வருவாய் என்று அண்ணி கேட்கச் சொன்னாள். அண்ணிதான்.

உன் அண்ணன்


மே 19, மதியம்
விமான நிலையம்

அண்ணா,

நீ துண்டை வீசிக் காட்டிய விமானத்தில் நான் இல்லை.

மற்ற ஐந்து பேரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்கள். எனக்கு மட்டும் கண் மூடவே இல்லை. அந்த அறையில் நான் தூங்கி வளர்ந்ததெல்லாம் கீழே உன் மெஷின் ஓடும்போதுதான். அது ஓடினால் அண்ணன் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். நேற்று அது நின்றிருந்தது. அதற்குப் பதிலாக, தெருமுனையில் நீ யாரிடமோ மெதுவாகக் கெஞ்சுவது கேட்டது. நீ குரலைத் தாழ்த்தி நான் கேட்டதே இல்லை. தலையணை நனைந்ததுதான் மிச்சம்.

எங்கள் வேலையில், தூங்காதவர் தானாகச் சொல்லிவிட வேண்டும். யாரும் சோதித்துப் பார்க்க மாட்டார்கள். முகத்தைக் கழுவி, பொட்டு வைத்து, பவுடர் பூசிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. வேனில் ஏறியதும் கேப்டனிடம் சொல்லிவிட்டேன். அவர், "சொன்னீங்களே, அது போதும்" என்றார். இதே ஊரில் லீவில் இருந்த இன்னொரு தலைமைப் பணிப்பெண்ணை வரவழைத்தார்கள். அதனால் விமானம் கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பியது. நீங்கள் எல்லாரும் பட்ட பாட்டுக்கு நான் இப்படிச் செய்துவிட்டேனே என்று உடம்பெல்லாம் கூசியது.

அதற்குப் பிறகு எனக்கு டியூட்டியும் இல்லை, அறையும் இல்லை. ஆட்டோ நிற்கிற இடம் வரை பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தேன். நம் வீடு என்ன, ரொம்பத் தூரமா? ஆனால் டியூட்டி என்று சொல்லிக்கொள்ள முடியாமல் எந்த முகத்தோடு அந்தப் படி ஏறுவது? திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். இன்னும் இங்கேதான் இருக்கிறேன். வீட்டில் சொல்லக் கூடாது என்று டிரைவரிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன், அவரைத் திட்டாதே.

அண்ணிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ கேட்கிறாயா? அதைச் சொல்.

தங்கை


மே 19, சாயங்காலம்
விமான நிலைய வெளிவாசல்

அடி தொட்டாச்சிணுங்கி,

அறிவிருக்கிறதா உனக்கு? வீட்டை வைத்துக்கொண்டு நாற்காலியிலா உட்கார்ந்திருப்பாய்?

டிரைவர் கடிதத்தைக் கொடுத்ததும் அதே வேனில் ஏறி வந்துவிட்டேன். டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்கிறார் காவலர். அவருடைய பேனாவையே வாங்கி, உன் கடிதத்தின் பின்பக்கம் எழுதுகிறேன். அவர் கொண்டுவந்து கொடுப்பார். நல்ல மனுஷர்.

கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். எம்மாடி, எவ்வளவு ஜனம்! பெட்டி மேலே, தரையில், ஒருவர் மடியில் ஒருவர். இத்தனை பேரும் விமானத்தில் ஏறி உட்கார்ந்து பயமில்லாமல் கண்ணை மூடுவது, தூங்கவில்லை என்றால் தூங்கவில்லை என்று சொல்லிவிடுகிற ஆட்களை நம்பித்தானா? நேற்று அந்த விமானம் எழும்பியபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இன்று நீ அதில் ஏறவில்லை என்று படித்தபோது உட்கார்ந்தே விட்டேன். எங்கள் வீட்டுப் பெண்ணா இவள் என்று அண்ணியிடம் கேட்டேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

நான்தான் கேட்கிறேன். காலையில் எழுதியபோதும் நான்தான் கேட்டேன், அண்ணி இல்லை.

பட்டறையைத் திறந்து மெஷினை ஓட்டும்படி பையன்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். நீ வந்து தூங்கி எழுகிற வரை நிறுத்த மாட்டார்கள். தெருக்காரர்கள் திட்டினால் திட்டட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் தூணுக்குப் பக்கத்தில், பட்டறைச் சட்டையோடு நிற்கிறேன். என்னை உள்ளே விடாவிட்டால் போகிறது, நீ வெளியே வா. பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன்.

அண்ணன்