மலை ஏறும்போது ஹீட்டர் போடுவது பற்றி

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. பூட்டிவிட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள். நான் மலைமேல் புது வீட்டுக்கு நடந்தே போகிறேன். கோபமெல்லாம் இல்லை.

நேற்று நம் கார் டிரெய்லரில் பீரோவை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறியபோது சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. "ஹீட்டரைப் போட்டா அந்தச் சூடு நம்ம பக்கம் வந்துடும், என்ஜின் பொழைச்சுக்கும்" என்றீர்கள். வெந்துகொண்டே வந்தேன். அப்புறம், "நீ இறங்கி நடந்தா பாரம் குறையும்டி" என்றீர்கள். நடந்தேன். நீங்கள் பளு தூக்கும் இரும்புக் குண்டுகள் மட்டும் பின்சீட்டில் சொகுசாக வந்தன. நான் மேலே போய் ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் வண்டி நின்று நின்று வந்து சேர்ந்தது. "யார் வண்டியில ஏறி வந்தே?" என்று என்னையே சந்தேகமாகக் கேட்டீர்கள்!

இன்று கட்டிலோடு வரும்போது சின்ன கியரில் மெதுவாக ஏறுங்கள். முள் ஏறினால் நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். சண்டை போட எனக்கு அந்த முகம் வேண்டும்.

பி.கு.: இரண்டாவது வளைவில் தண்ணீர்க் கேனோடு உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் வண்டிக்குத்தான்.

இன்னொன்று: கூப்பிட்டால் ஏறிக்கொள்கிறேன். ஹீட்டர் ஓடினாலும் பரவாயில்லை.