இடப்பக்கம் ஃப்ளோரான் இல்லை

அக்டோபர் 7

திருநள்ளாறில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் சித்தப்பா சிதம்பரநாதன் போன வாரமே போனில் கேட்டிருந்தார், "எத்தனை பேரும்மா வர்றீங்க?" வாய் தானாக "மூணு பேருங்க" என்றது. ஒன்பது வருடமாக அதே பதில்தான். பாட நான், கிதாருக்கு ஃப்ளோரான், டிரம்ஸுக்கு ஜெயபிரகாஷ்: 'கருவாடு' பேண்ட்.

ஃப்ளோரான் பிரான்சுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. ஜெயபிரகாஷ் டிரம்ஸுக்கு உறை போட்டுவிட்டான். ஆனாலும் மூன்று இலை போட்டு வைத்திருந்தார்கள். நடு இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு பக்கமும் அப்பளம் ஆறிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 8

நேற்று முக்கியமானதை எழுதாமல் விட்டேன்.

கிதாரும் டிரம்ஸும் முன்பே பதிவு செய்தவை. போனிலிருந்து ஓடவிட்டுப் பாடினேன். முதல் சரணம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு கிதார் மட்டும் வரும் இடம். வழக்கம்போல இடப்பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு பெடஸ்டல் ஃபேன். அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டிராக் என்னை விட்டுவிட்டு இரண்டாம் சரணத்தில் பாதிக்குப் போய்விட்டது. சிதம்பரநாதன் மேடைக்கே வந்து, "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார்.

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். நானே எழுதிய பாட்டு. எங்கே நுழையவேண்டும் என்று இத்தனை வருடமாக எனக்கு எப்படித் தெரிந்தது?

அக்டோபர் 10

அம்மா மறுபடி ஆரம்பித்தாள். "லூசியன் மாமா பாரிசுல கேன்டீன் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கார். பாஸ்போர்ட்டும் கையில இருக்கு. இன்னும் என்னத்தடி பாக்குற?" சர்ச்சில் நான் பாடினால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். 'கருவாடு' மேடைக்கு ஒருநாளும் வந்ததில்லை. பேரைச் சொல்லவே கூச்சம் அவளுக்கு.

ஜனவரி கார்னிவலில் தனியாகப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயும் விழித்துக்கொண்டு நின்றால் டிக்கெட் போடு என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 19

ஜெயபிரகாஷின் பெயிண்ட் கடைக்குப் போய், அந்த கிதார் இடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுவாயா எனக் கேட்டேன். டப்பாவைக் கலக்கிக்கொண்டே பதில் சொன்னான்.

"நான் எங்க எண்ணுனேன் இனேஸ்? அவன் முடிக்கிற மாதிரி வந்தா உருட்டி விடுவேன். அவ்வளவுதான். அவன்ட்டயே கேளு."

ஆக, எண்ணியது ஃப்ளோரான்.

அக்டோபர் 27

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஃப்ளோரான் கூப்பிட்டான். அந்த இடத்தில் எத்தனை சுற்று வாசிப்பாய் என்று கேட்டேன். சிரித்தான்.

"ஒருநாள் நாலு, ஒருநாள் ஆறு. நீ மூச்சு இழுப்பல்ல, தோள் ஏறும். அதப் பாத்ததும் முடிச்சிருவேன்."

"நான் உன்னையப் பாத்துட்டுல்ல நின்னேன்."

"பாத்த, சரி. மூச்ச யாரு இழுத்தா?"

சும்மா சொல்கிறான். மனசு கஷ்டப்படக் கூடாதென்று சொல்கிறான்.

நவம்பர் 3

போலகத்தில் பாடிய பழைய வீடியோவைத் தேடி எடுத்தேன். ஒருமுறை, பிறகு மெதுவாக ஓடவிட்டு நாலுமுறை. என் தோள் ஏறுகிறது. அப்புறம் டிரம்ஸ் உருள்கிறது. அப்புறம்தான் ஃப்ளோரானின் கை நிற்கிறது. மற்ற ஊர்களில் எடுத்த வீடியோக்களிலும் அதே வரிசை.

அப்படியென்றால் மூன்று பேரும் யாருக்காகக் காத்திருந்தோம்? எனக்காகவா? நான் யாருக்காகக் காத்திருந்தேன்? சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. ஒன்பது வருடம் தெரியாமல் இருந்திருக்கிறேனே — மக்கு.

டிசம்பர் 12

ஓயாத மழை. இனி டிராக் வேண்டாம். கிதாரில் எனக்குத் தெரிந்தது நாலு கார்டு விரல்பிடிதான், அது போதும். ஃப்ளோரான் வாசிப்பது எனக்கு வராது. அந்த இடத்தை வெறுமனே விட்டுப் பார்த்தேன். எவ்வளவு நேரம் விடுவது? எண்ணினால் பாட்டு செத்துப்போகிறது. எண்ணாவிட்டால் பயம்.

சத்தம் நின்றதும் அடுக்களையிலிருந்து அம்மா, "கரண்டு போயிருச்சா?" என்றாள்.

ஜனவரி 15

நாளை கார்னிவல்.

ஜனவரி 17

நேற்று பாடிவிட்டேன்.

கடற்கரையில் மேடை, நல்ல காற்று. முதல் சரணம் முடிந்து கிதாரை நிறுத்தினேன். கூட்டமும் பேச்சை நிறுத்தியது. மைக் போய்விட்டதென்று நினைத்து ஆபரேட்டர் காஜா நஜ்முதீன் மேடைக்கு ஓடி வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். பழக்கம் விடுமா? இடப்பக்கம் திரும்பினேன். யாருமில்லை. ஃபேன்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று தோன்றியது, இருந்தேன். பயமே இல்லாமல் இருந்தேன் என்பதுதான் ஆச்சரியம். பிறகு மூச்சு இழுத்தேன். தோள் ஏறியதை நானே உணர்ந்தேன்.

இறங்கி வந்தால் பஜ்ஜிக் கடை ஓரத்தில் அம்மா, கையில் பொட்டலத்தோடு. "பஜ்ஜி வாங்க வந்தேன்," என்றாள். பஜ்ஜி ஆறிப்போயிருந்தது.

ஜனவரி 22

காலையில் நெடுங்காட்டிலிருந்து ஒருவர் போன். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாட வேண்டுமாம். "எத்தனை பேரு வர்றீங்க? சாப்பாட்டுக்குச் சொல்லணும்."

"ஒரு ஆளுங்க," என்றேன்.

அடுக்களையிலிருந்து அம்மா, "ரெண்டுன்னு சொல்லு."