ஆஸ்பத்திரி வாசலில் பத்து நிமிடம்

அன்பு மகன் கணக்குப்பிள்ளைக்கு, அம்மா எழுதுவது. என் இடுப்பு வலியையும் உன் அப்பாவின் கோபத்தையும் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொன்னாய், ஆனால் குரல் கட்டியிருந்தது, வெந்நீர் குடி. அக்கா மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மாடி வீட்டுக்காரரோடு மூன்று முறை சண்டை போட்ட பிறகு தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது நின்றிருக்கிறது. நான் ஓட்டுகிற வாடகைக் காருக்குப் பின் டயர்கள் மாற்றியாயிற்று. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் சொன்னால் மழுப்பிவிடுவேன் என்று பயப்படுகிற விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

போன மாதம் நீ ஒன்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிகிற நாலரை மணிக்கு, தினமும் பத்து நிமிடம், நீ கட்டணக் கணக்குப் பார்க்கிற வாடகைக் கார் கம்பெனியின் கார் ஒன்றுகூடப் போனில் கூப்பிட்டால் கிடைப்பதில்லை, கட்டணம் இரட்டிப்பாக ஏறுகிறது, ஏறியதும் எட்டு கார்கள் எங்கிருந்தோ முளைக்கின்றன, யாரம்மா இவர்கள் என்று கேட்டாய். அந்த டிரைவர்களின் பட்டியலை இந்த மாதக் கடைசிக்குள் நீதான் கொடுக்க வேண்டும், கொடுத்தால் அவர்களை நீக்கிவிடுவார்கள் என்றும் சொன்னாய். எனக்கென்னப்பா தெரியும், நான் அந்தப் பக்கமே போவதில்லை என்றேன். பொய் சொன்னேன் கண்ணா. அந்த எட்டில் ஒருத்தி நான். ஒருத்தி என்ன, அதை ஆரம்பித்து வைத்தவளே நான்தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் எட்டு வண்டியையும் நிறுத்திவிட்டு எல்லோரும் ஒன்றாகப் போனை அணைப்போம், அணைத்தால் கம்பெனிக்கு எங்கள் வண்டி ஒன்றும் தெரியாது, கட்டணம் தானாக ஏறும். எங்களில் மூத்தவர், மீசைக்காரர் என்று கூப்பிடுவோம், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடம் ஆனதும் தலையாட்டுவார், போனைப் போடுவோம்.

ஏன் செய்தோம் என்று கேட்பாய். நீங்கள் ஒரே காரில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஏற்றும் திட்டம் கொண்டுவந்த நாளிலிருந்து எனக்கு மனது ஆறவில்லை. முதலில் ஒரு டீச்சரம்மா ஏறுவார். அடுத்தவரை ஏற்ற நான் இரண்டு சந்து சுற்றிப் போக வேண்டும், அந்த மனிதர் நிதானமாக ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி வருவார். டீச்சரம்மாவுக்குக் காலதாமதம், கட்டணம் குறைவதில்லை, கோபம் முழுவதும் என் முதுகில். எனக்குச் சுற்றியதற்கும் காத்திருந்ததற்கும் ஒன்றுமில்லை. கிலோமீட்டரை வைத்துப் பிரிக்கிறோம், கிலோமீட்டர் ஏமாற்றாதும்மா என்று நீ சொன்னாய். ஏமாற்றாதுதான், ஆனால் அதற்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரியாதே. விட்டதைப் பிடிக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டோம். அப்போது அது நியாயமாகவே பட்டது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா அதே ஆஸ்பத்திரிக்குக் கண் பரிசோதனைக்குப் போனார். காலையிலேயே முடிந்து வீடு திரும்பியிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே தாமதமாகி, கண்ணில் மருந்து விட்ட கையோடு அவர் வெளியே வந்தபோது மணி நாலரை. கார் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், கட்டணம் இரட்டிப்பு. எனக்குப் போன் போட்டிருக்கிறார், அணைத்திருந்தது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தாலே குதிக்கிற மனிதர் அந்தக் கட்டணமா கொடுப்பார், வெயிலில் கண் கூசக் கூச நடந்திருக்கிறார். நடைபாதை விளிம்பு தெரியாமல் விழுந்து முழங்கை முழுக்கத் தோல் உரிந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் சுவருக்குப் பின்னால் மீசைக்காரர் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லையடா. வீட்டுக்கு வந்து அவர் திட்டியது என்னையல்ல, உன்னை. "பெத்த பிள்ளை வேலை பார்க்கிற கம்பெனி, அப்பன்கிட்டயே இப்படியா பிடுங்கும்?" என்றார். போனில் சார்ஜ் இல்லை என்று நான் ஒரு பொய் சொன்னேன். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் உன்னிடம் பேச மறுத்தார், குளிக்கிறார், தூங்குகிறார் என்று உன்னிடமும் சொல்லி வைத்தேன். உன் மேல் விழுந்த பழியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

நேற்றுக் காலை அவர் கட்டைப் பிரித்து மருந்து போடும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று தயாராக இருந்தேன், கத்தவில்லை. "அப்போ அவன் மேல தப்பில்லைல்ல?" என்று கேட்டார். இல்லை என்றேன். முகம் எப்படித் தெளிந்தது தெரியுமா. உனக்கு நானே எழுத வேண்டும், தான் சொல்லப்போவதில்லை என்றார். பிறகு போய் வண்டிக்காரர்களிடம் இனிமேல் நான் வரமாட்டேன் என்றேன். ஐந்து பேர் நிறுத்திவிட்டார்கள், மீசைக்காரரும் இன்னொருவரும் என்னோடு பேசுவதில்லை.

உனக்குப் பாடம் எடுக்கிறேன் என்று நினைக்காதே, ஆனால் இதையும் உன் மேலதிகாரிகளிடம் சொல். வழியில் இன்னொருவர் ஏறினால், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரின் கட்டணம் அவர் கண் முன்னாலேயே குறைய வேண்டும், அவருக்கு எவ்வளவு தாமதமோ அவ்வளவுக்கு. நான் காத்திருக்கிற நிமிடத்துக்கும் ஏதோ ஒரு விலை போடுங்கள், சின்னதாக இருந்தாலும் போதும். அப்படிச் செய்தால் யாரும் சுவருக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருக்காது. ஆனால் இது காரணம்தான், நான் செய்ததற்குச் சாக்கு இல்லை. அம்மா என்பதற்காக என் பெயரை விட்டுவிட்டு மற்ற ஏழு பேரை மட்டும் எழுதினாய் என்றால், அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன், நீதான் எப்படி அந்த நாற்காலியில் உட்காருவாய்? பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆள் தேடுகிறார்கள், என் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாதே.

நீ நீண்ட ஆயுளோடு, நல்ல தூக்கத்தோடு, உன்னைச் சகித்துக்கொள்கிற ஒருத்தியோடு நன்றாக இருக்க வேண்டும். கழுத்து வலி இருந்தால் தலையணையை மாற்று. பட்டியலில் தேடிக்கொண்டிருக்காதே, வண்டியின் கடைசி எண் 4471, முதல் வரியிலேயே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா